ஒடுக்கத்துப் புதனில் நடந்தது

786

புதுமடம்
1-8-1963

அன்பு மகன் மஹ்மூதுக்கு உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் வாப்பாவும் சுகம். பம்பாயில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய், சுகத்துக்குக் குறைவில்லாதவன்தான் இப்படி ஒரு கடிதம் எழுதுவான். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இத்தனை நாள் பதில் போடாததற்கு வேலையோ உடம்போ காரணமில்லை. கோபத்தில் எழுதினால் எழுதக்கூடாததை எழுதிவிடுவேன் என்று பேனாவைத் தொடாமல் இருந்தேன். பத்து நாள் பொறுத்தும் கோபம் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது, அதனால் இனிப் பொறுத்துப் பிரயோசனம் இல்லை என்று உட்கார்ந்துவிட்டேன். இங்கே கச்சான் காற்று மண்ணை வாரி வீட்டுக்குள் கொட்டுகிறது, வள்ளங்களெல்லாம் கரையேறிக் கிடக்கின்றன, பள்ளிவாசலில் மவ்லிது ஓதுகிறார்கள். ஊர்ச் செய்தி அவ்வளவுதான். மீதியெல்லாம் உன் செய்தி.

அந்தத் திங்கட்கிழமை தபால்காரர் செல்லச்சாமி வாசலில் நின்று, பம்பாய்க் கடுதாசி வந்திருக்கு, தம்பி பாஸாயிட்டாப்லபோல, இனிப்பு எங்கன என்று கேட்டார். நான் மீன் அரிந்துகொண்டிருந்த கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடி வந்து வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் என்ன எழுதியிருக்கிறாய்? பரீட்சை நாள் ஒடுக்கத்துப் புதனாக அமைந்துவிட்டது, ஸபர் மாதத்துக் கடைசிப் புதனில் நல்ல காரியம் எதையும் தொடங்கக்கூடாது என்று நீங்கள் சொல்லித்தானே வளர்த்தீர்கள், போனால் உங்கள் மனசு சங்கடப்படும், அதனால் போகவில்லை, உம்மாவின் மனசைவிடப் பரீட்சை பெரிதா என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் கடிதம் முழுக்க மீன் செதில் ஒட்டிக்கொண்டதுகூடத் தெரியவில்லை. ஏலே, உன்னை எப்போதடா நான் போகாதே என்று சொன்னேன்?

சொல்லி வளர்த்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஸபரில் புதுத்துணி உடுத்தவிடமாட்டேன், பயணம் போகவிடமாட்டேன், ஒடுக்கத்துப் புதனன்று பள்ளிவாசல் ஆலிம்சா மாவிலையில் எழுதித் தருகிற குர்ஆன் ஆயத்தைத் தண்ணீரில் கரைத்து உங்கள் எல்லோருக்கும் குடிக்கக் கொடுக்காமல் ஒருவரையும் வாசல் தாண்ட விட்டதில்லை. என் உம்மா எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்தேன். ஆனால் ஜூலை பதினேழாம் தேதி பரீட்சை என்று நீ ரமலானிலேயே எழுதினாயே, அது என்ன நாள் என்று பிறை எண்ணிப் பார்க்கத் தெரியாதவளா நான்? அன்றைக்கே எண்ணினேன், அன்றைக்கே தெரிந்தது. தெரிந்தும் அதற்குப் பிறகு எழுதிய நாலு கடிதத்தில் ஒரு வார்த்தை எழுதவில்லை. நம் பயம் நம்மோடு இருக்கட்டும், பிள்ளையின் காலில் கட்டக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நான் வாய் திறக்காமல் இருந்த விஷயத்துக்கு நீ என்னையே காரணமாக்கிவிட்டாய்.

அதைக்கூட நம்பிவிட்டுப் போயிருப்பேன். வெள்ளிக்கிழமை உம்மு ஹபீபா ஒரு தட்டு நிறைய பூந்தியோடு வந்தாள். அவள் மகன் அகமது கபீர் பாஸாகிவிட்டான். அவனும் உன்னோடு ஒரே லாஞ்சியில் கயிறு இழுக்கிற கலாசிதானே, அவனுக்கும் அதே ஒடுக்கத்துப் புதன்தானே. அவளிடம் கேட்டேன், புதன்கிழமை என்று நீ ஒன்றும் சொல்லவில்லையா என்று. அதற்கு அவள், நான் பாட்டுக்கு மாவெலத் தண்ணியக் குடிச்சிக்கிட்டே யா அல்லா எம்புள்ள பாஸாகணும்னு கேட்டேன், அன்னைக்குக் கேட்டா குடுக்கமாட்டேன்னு அவன் எங்கன சொல்லியிருக்கான் என்றாள். பூந்தித் தட்டைக் கீழே வைத்தேன். அப்புறம்தான் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள், ஏ ஹமீதா, ஒம்மவனும் ஆபீஸ் கேட்டு வரைக்கும் எங்க கபீரு கூடத்தான் வந்தானாம், உள்ளற கூப்பிடயில திரும்பிப் பாத்தா ஆளக் காணோமாம், என்னடி ஆச்சு அவனுக்கு என்று.

இப்போது நீயே சொல். ஸபருக்குப் பயந்தவன் எதற்காகச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ட்ராம் ஏறி அந்த வாசல் வரைக்கும் போனாய்? வீட்டை விட்டுக் கிளம்பும்போது இல்லாத பீடை, கேட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்ததா? உள்ளே ஆபீசர் கேள்வி கேட்பார், இங்கிலீஷில் கேட்பாரோ இந்தியில் கேட்பாரோ, பதில் தெரிந்தும் வாய் வராமல் போய்விடுமோ என்று திரும்பி நடந்துவிட்டாய். அதுதான் நடந்தது. போன லீவில் நீ வந்திருந்தபோது உன் தங்கச்சி காலிதா உன்னைக் கேள்வி கேட்டுக் கேட்டுப் படிக்க வைத்தாளே, இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு, மூடுபனியில் எத்தனை தடவை ஊத வேண்டும், எதிரே நேராக இன்னொரு கப்பல் வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று. அடுப்படியில் இருந்து கேட்டே எனக்கு அத்தனையும் மனப்பாடம். என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் போய்ச் சொல்லிவிட்டு லாஞ்சி ஓட்டுகிற சிராங்கு சர்ட்டிபிகேட்டை வாங்கி வந்திருப்பேன். ஆறு வருஷம் கடலில் கிடந்தவனுக்கு ஒரு மேஜைக்கு முன்னால் நிற்கத் தைரியம் இல்லையா?

ஒவ்வொன்றையும் நீ இப்படித்தான் செய்கிறாய் மஹ்மூது. பம்பாய்க்குப் புறப்பட்ட அன்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினாய். ஐந்து வருஷத்தில் சிராங்கு, லாஞ்சி என் கையில் என்று முதல் வரி. இந்தி எழுதப் படிக்கக் கற்பேன் என்று அதற்கடுத்தது. பீடியை விடுவேன் என்றும் ஒன்று இருந்தது, அதைப் பார்த்துத்தான் நீ பீடி குடிப்பதே எங்களுக்குத் தெரிந்தது. இந்தி வகுப்பில் ஒரு மாதம் போனாய், வாத்தியார் சிடுசிடுப்புக்காரர் என்று விட்டாய். முதல் தடவை பரீட்சைக்குக் காய்ச்சல் என்றாய், சரி, காய்ச்சல் யாருக்கும் வரும். இரண்டாம் தடவை சர்வீஸ் புத்தகத்தில் ஒரு கையெழுத்துக் குறைந்தது என்றாய், அதுவும் சரி. மூன்றாம் தடவைக்கு நான்தான் அகப்பட்டேனா? எழுதி ஒட்டுவது பெரிய காரியமில்லை, நம் தெருச் சுவர் முழுக்கத்தான் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். உன் வாப்பா தோணியில் தண்டயலாக இருபது பேரை வைத்துக் கொழும்புக்கு ஓட்டினவர், தூத்துக்குடியில் லாஞ்சி வேலை கேட்டபோது காகிதம் இருக்கிறதா என்று கேட்டு, நேற்று வந்தவனுக்குக் கீழே நங்கூரம் தூக்க வைத்தார்கள். இனி நீ கபீருக்குக் கீழே தூக்கப்போகிறாய். அவன் நல்ல பிள்ளை, உன்னை வெடுக்கென்று ஒன்றும் சொல்லமாட்டான், அதுதான் உனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும்.

இப்போது காலிதாவின் விஷயத்துக்கு வருகிறேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ஒரு வருஷமாக வீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆசிரியைப் பயிற்சிக்குப் போகிறேன் என்று அவள் கேட்டபோதெல்லாம் உன் வாப்பா, மொதல்ல ஒங் காக்கா சிராங்கு ஆகட்டும், பெறகு ஒன்னயப் பாப்போம் என்றே சொல்லிவந்தார். உன் பின்னால் அவள் வரிசையில் நின்றாள், நீ நகரவே இல்லை. அவள் சும்மா இருக்காமல் ராமநாதபுரத்துப் பயிற்சிப் பள்ளிக்கு மனுப் போட்டிருக்கிறாள். நேர்காணலுக்கு வரச் சொல்லிக் கார்டு வந்தது. தேதி ஜூலை பதினேழு. அவளும் உன்னைப் போலவே பிறை எண்ணத் தெரிந்தவள்தான். கார்டை என் மடியில் போட்டுவிட்டு, என்ன செய்யட்டும் உம்மா என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் புதன்கிழமை காலையில் நான் பர்தாவைப் போட்டுக்கொண்டு அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். நாற்பத்தாறு வயசில் முதல் தடவையாக ஒடுக்கத்துப் புதனில் வாசல் தாண்டினேன். மாவிலைத் தண்ணீர் குடிக்கவில்லை, வாப்பாவிடம் சொல்லவில்லை. உச்சிப்புளி தாண்டியதும் டயர் வெடித்தது. பார்த்தாயா பார்த்தாயா என்று காலிதாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளோ, பயப்படாதீங்க உம்மா, போன வாரமும் இங்கனதான் வெடிச்சுச்சாம், ரோடு அப்படி என்றாள். வழியில் வந்த உப்பு லாரியை மறித்து ஏறிப் போனோம். போகும் வழியெல்லாம் ஓதிக்கொண்டே போனேன், கை நடுக்கம் நிற்கவில்லை. எந்தத் தைரியத்தில் போனேன் தெரியுமா உனக்கு? அங்கே என் மகன் இந்நேரம் பரீட்சைக்குப் போய்க்கொண்டிருப்பான், அவனுக்கும் இதே புதன்கிழமைதான், அவன் பயப்படாமல் போகும்போது நான் என்ன வீட்டில் உட்கார்ந்திருப்பது என்று உன்னை நினைத்துக்கொண்டுதான் போனேன். நீ என் பேரைச் சொல்லித் திரும்பிய அதே காலையில் நான் உன் பேரைச் சொல்லிக்கொண்டு லாரியில் ஏறினேன் மஹ்மூது. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சாயங்காலம் வீடு திரும்பினால் வாப்பா எனக்கு வைத்த மாவிலைத் தண்ணீரைத் தட்டு போட்டு மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கன போயிட்டு வாறீக என்று கேட்டார். சொன்னேன். மூடியிருந்த தட்டை எடுத்தார். பிறகு, தண்ணியக் குடிச்சிட்டு உள்ள போ என்றார். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சனிக்கிழமை காலிதாவை எடுத்துக்கொண்டதாகக் கார்டு வந்ததும் தானே கடைக்குப் போய் ஒரு தகரப் பெட்டி வாங்கி வந்து பூட்டைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். இந்தத் திங்கட்கிழமை அவள் விடுதியில் சேர்ந்துவிட்டாள். உனக்குத் தனியாக எழுதுவாள். அவளிடமும் ஸபர் கதையைச் சொல்லாதே, அவள் சிரிப்பாள்.

நீ பயந்தாய் என்றால் பயந்தேன் உம்மா என்று எழுது. அதற்காக உன்னைத் திட்டமாட்டேன், எனக்கும் லாரியில் கை நடுங்கியது. ஆனால் உன் பயத்துக்கு என் பேரை வைக்காதே. இனி உன் கடிதத்தில் உங்கள் மனசு சங்கடப்படும் என்ற வார்த்தை வந்தால் அதற்கு மேல் படிக்கமாட்டேன். டிசம்பர் பரீட்சைக்கு இப்போதே பேர் கொடு. அது ரஜப் மாதம், எனக்குத் தெரிந்து ரஜபில் பீடை ஒன்றும் கிடையாது, நீ புதிதாக எதையும் கண்டுபிடித்து எழுதாதே. கபீரிடம் வெட்கப்படாமல் போய் என்ன கேட்டார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனைந்த சட்டையோடு படுக்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் வாயில் நல்ல பதிலையும் தருவானாக. ஆமீன்.

இப்படிக்கு,
உன் மீது மிகுந்த கோபத்தில் இருக்கும் உம்மா,
ஹமீதா பானு

ஒன்றை எழுத விட்டுவிட்டேன். வாப்பாவுக்கு எழுத்து வாசிக்க வராது என்பதால் உன் கடிதத்தை வழக்கம்போல் நான்தான் படித்துக் காட்டினேன். ஸபர் என்று நீ எழுதிய இடம் வந்ததும் அதைப் படிக்காமல் விட்டுவிட்டேன். பரீட்சை அன்று லாஞ்சியில் அவசர வேலை வந்துவிட்டதாம் என்று நானாகச் சேர்த்துப் படித்துவிட்டேன். உம்மு ஹபீபாவின் வாயையும் கட்டி வைத்திருக்கிறேன். அவர் அதை அப்படியே நம்பி, வேலன்னு கூப்பிட்டா போகத்தானலே வேணும், எம்மவன் அடுத்த தடவ எழுதிருவான் என்று தெருவில் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். டிசம்பர்க் கடிதத்தில் நீ எழுதுவதை ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் அவருக்குப் படிப்பேன்.