இரண்டு துண்டு ஆப்பிள் கேக்

அன்புள்ள அம்மாவுக்கு, கோல்பி எழுதுவது. இங்கே நான் நலம். உன் முட்டிவலியும் அப்பாவின் இருமலும் தேவலையா?

கல்லூரி கோச் ரென்ஃப்ரோ நம் வீட்டுக்கு வந்து, உன் ஆப்பிள் கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டு, "மேடம், பந்தை எறிய இவன் கையை நம்பித்தான் எங்க டீமே இருக்கு" என்றாரே, நினைவிருக்கிறதா? நேற்று டீம் பையன்களோடு சாப்பிடும்போது அதைப் பெருமையாகச் சொன்னேன். பக்கத்து ஊர் டானர் சிரித்துவிட்டான்.

"எங்க வீட்டுல செர்ரி கேக்குடா. ரெண்டு துண்டு. அதே வசனம்!"

எதிரே இருந்த வேட் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "எங்கம்மாகிட்ட செய்முறையே கேட்டு வாங்கிட்டுப் போனாரு."

நம் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் என்னைப்போல் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குகளையெல்லாம் அள்ளி வந்திருக்கிறார். களத்தில் எறிபவன் ஒருவன்தானே? அது யார் என்று கேட்டால், "உன்மேல எனக்குச் சந்தேகமே இல்லடா" என்று தோளைத் தட்டுகிறார். அந்தத் தட்டல்தான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

நீ கவலைப்படாதே. என் தடித்த போர்வையை அனுப்பு. கேக்கும் ஒரு துண்டு. தம்பி ராய் பந்து பிடிக்கும்போது போட்டுக்கொள்ளும் கையுறைகளையும் சேர்த்து வை. எறிகிறவனுக்கு அது எதற்கு என்று அப்பா கேட்டால், குளிருக்கு என்று சொல்லிவிடு.

விசில் ஊதுகிறார்கள், ஓடுகிறேன்.

கோல்பி