மேற்கு வாயில் மூன்று நாள் மூடியிருந்தது பற்றி

ஏரிகள் நிறைந்திருக்க, ஐந்நாடும் ஒன்றியிருக்க! ஐந்நாட்டு மன்றத்தின் முதல்வரும், சாசனக் கல்லுக்கு வாசகம் வகுத்த இருவரில் மூத்தவருமான மாறங்காரி நம்பியார் திருமுன்பு, அவ்விருவரில் இளையவனும் மேற்கு வாயிற் காவல் தலைவனுமாகிய பெருஞ்சேந்தன் வணங்கி விடுக்கும் ஓலை.

கல்லில் எழுதாத அதிகாரம் எவர்க்கும் இல்லை என்ற வரியை ஒற்றைக்காலில் நின்று பொறிக்கச் செய்தவன் இவ்வோலை விடுக்கும் சேந்தனே. நாட்டு நலனுக்கு வேண்டிய பிறவும் செய்யலாம் எனத் தாங்கள் சேர்க்க விரும்பியதை, பின்னால் வரும் கொடியவனுக்கு நாமே வழிவிடுவதாகும் என்று அவன் மறுத்ததும் தாங்கள் அறிந்ததே.

சென்ற திங்களில், ஆற்றுக்கு அப்பால் ஊர் தீக்கிரையாகி ஓடிவந்த முந்நூறு பேர் வாயிலில் நின்றனர். பிறநாட்டாரைச் சேர்ப்பது பற்றிக் கல்லில் ஒரு சொல்லும் இல்லாமையால், சேந்தன் மன்றத்துக்கு ஆள் விடுத்துக் காத்திருந்தான். தத்தை என்னும் பெண் மதிலடியில் நின்று, நாங்கள் நுழையக்கூடாதென்று கல்லில் உள்ளதா என வினவினாள். இல்லை என்றான். நுழையலாம் என்று உள்ளதா என்றாள். அதுவும் இல்லை என்றான். "கல்தான் பேசாமலிருக்கிறது, ஐயா. நீங்கள் பேசலாமே" என்றாள்.

மூன்றாம் நாள், மன்றத்தின் மறுமொழி வருமுன்னே, பகைவர் குதிரைகள் வந்தன. பதினொருவர் வெட்டுண்ட பிறகே அவன் கதவைத் திறந்தான். அவர்களுள் தத்தையின் மகனும் ஒருவன்.

தங்கள் ஓலை கிடைத்தது. குடிகளைக் காக்க என்னும் கல்லின் முதல் வரியிலேயே அடைக்கலமும் அடங்கும், ஆதலால் சேந்தன்மேல் குற்றமில்லை எனத் தீர்ப்பளிக்கக் கருதியுள்ளீர்கள். அது தங்கள் அன்பு. ஆனால் கல் முதல் நாளே இடம் கொடுத்தது என்றால், பதினொருவரையும் சாகவிட்டது அவன் பிடிவாதமே. இடம் கொடுக்கவில்லை என்றால் அவன் சாசனத்தை மீறியவன். அதற்குத் தண்டனை நாடுகடத்தல். பின்னதே சரியென வாதாடி நான்கு ஓலைகள் எழுதினான். நான்கையும் நறுக்கி எறிந்தான். நாடுகடத்தப்படுவது அவனுக்கு எளிதாகத் தோன்றியது என்பதன்றி அவ்வாதங்களில் வேறு உண்மை இல்லை.

ஆகவே இவ்வழக்கில் கல்லுக்குப் பொருள் கூறும் உரிமையைச் சேந்தன் துறக்கிறான். தீர்ப்புக்கு முன் தத்தையை மன்றத்துக்கு அழைத்து, வாயில் எந்நாளில் திறந்திருக்க வேண்டுமென்று கேட்டு, அவள் சொன்னபடியே எழுதுக. பிறநாட்டாள் மன்றத்தில் பேசக் கல்லில் இடமில்லை என்று எவரேனும் எழுந்தால், அப்படிச் சொல்லக் கற்பித்தவனே அனுப்பிய வேண்டுகோள் இது எனக் கூறி அவரை அமரச் செய்க.

இவ்வோலையின்மேல் காவல் தலைவனுக்குரிய இலச்சினை இடப்படவில்லை. இலச்சினையே ஓலையோடு கட்டி அனுப்பப்பட்டுள்ளது.