பொனட்டில் சூடேறிய துண்டு

இன்று காலை ராகலையில் பஸ் ஏறிய, தேயிலைக் கொழுந்து பறிக்கிற அக்கா ஒருத்தி, நனைந்த கம்பளியைக் கழற்றி என் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் என்ஜினை மூடியிருக்கும் பொனட்டின் மேல் விரித்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சூடேறிய துணியின் வாடை டீசலோடு கலந்து மூக்கில் ஏறியது. அது உன்னுடைய இடம் என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். வந்தது கொட்டாவி. என்னை அறியாமல் ஒரு கை முட்டியாக மடங்கித் தாடைக்குக் கீழே போய் நின்றது.

நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது தம்பி. உன் பழக்கம் இன்னும் என்னை விடவில்லை.

கண்டக்டரான உனக்குப் பிழைப்பே தொண்டைதான். பஸ் நிலையத்தில் நீ "நுவரெலியா, நுவரெலியா" என்று கூப்பிட்டால், கடைத்தெருக் கோடியில் தேத்தண்ணி குடிக்கிறவனும் கோப்பையை வைத்துவிட்டு ஓடிவருவான். அப்படிப்பட்டவனுக்குக் காதுக்கு முன்னால் 'டொக்' என்று சத்தம் வர ஆரம்பித்தது. "கேட்டீங்களாண்ணே, கியர் மாறுது" என்று வாயைத் திறந்து திறந்து காட்டினாய். நானும் சிரித்தேன். பிறகு வலி வந்தது. பல்தான் காரணம் என்று நீயே முடிவுகட்டி, அடம்பிடித்துக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாய். பல் போனது, வலி இருந்தது.

ஒரு விடியற்காலை, உடப்புசல்லாவையிலிருந்து முதல் ட்ரிப். நான் கொட்டாவி விட்டேன், உனக்கும் தொற்றியது. அதோடு இடது தாடை பூட்டிக்கொண்டது. அதன்பிறகு ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் உன் வாய் திறந்தது. சோற்றைக் கரைத்துக் குடித்தாய். ஊர்ப் பேரைக் கூவ முடியாமல், பஸ்ஸின் தகரத்தைத் தட்டித் தட்டி ஆள் ஏற்றினாய். வேறு கண்டக்டர் பார்க்கப்போவதாக முதலாளி சொன்ன அன்றுதான் நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாய்.

இரவில் பல்லுக்கு மாட்டிக்கொள்ள ஓர் உறை, மெல்லத் தேவையில்லாத சாப்பாடு, சூட்டு ஒத்தடம். முதலில் கிடைத்த வைத்தியம் அவ்வளவுதான். ஒத்தடத்துக்கு நீ பிடித்த அடுப்பு என் பொனட். துண்டை மடித்து அதன்மேல் வைத்து, சூடானதும் கன்னத்தில் அழுத்திக்கொள்வாய். "கொட்டாவி விடாதீங்கண்ணே, எனக்கும் வந்துரும்" என்று பல்லிடுக்கில் கெஞ்சுவாய். விடியாத நேரத்தில் பஸ் ஓட்டுகிறவனிடம் கேட்கிற உதவியா அது?

அதற்கும் பூட்டு விடவில்லை. தாடை மூட்டைக் கழுவிப் பார்க்கலாம் என்றார்கள். நீ ஆடிப்போனாய். "கத்தி வச்சா வாய் கோணிக்குமாம்ண்ணே. கோண வாயோட ஃபுட்போர்டுல நிக்கவா?" என்றாய். நான் லீவு போட்டு உன்னோடு வந்தேன். டாக்டர் சிங்களவர். நம் தமிழிலேயே பொறுமையாகச் சொன்னார். காதுக்கு முன்னால் மரத்துப்போக ஊசி போடுவார்கள். பிறகு மூட்டுக்குள் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக சேலைன் உள்ளே போகும், மற்றதன் வழியாக வெளியே வரும். "வெட்டுறதில்ல, தையல் இல்ல. ஆனா எல்லாருக்கும் முழுசா சரியாகும்னு சொல்ல மாட்டேன்" என்றார். அப்படிச் சொன்னதால்தான் நீ அவரை நம்பினாய்.

அன்று மாலையே வீங்கிய கன்னத்தோடு திரும்பினோம். சொல்லிக்கொடுத்த பயிற்சியை விடாமல் செய்தாய். வாய் மெல்ல மெல்லத் திறந்தது. ஒரு காலை பஸ் நிலையத்தில், பழைய முழக்கம் இல்லாவிட்டாலும், "நுவரெலியா" என்று உன் குரல் கேட்டது. நான் ஸ்டியரிங்கில் கவிழ்ந்துகொண்டேன். கண் கலங்கியதைப் பார்த்திருந்தால் ஆயுசுக்கும் கேலி செய்திருப்பாய். கொட்டாவி வந்தால் மட்டும் தாடைக்குக் கீழே முட்டி கொடுத்து அடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அதை எனக்கும் சட்டமாக்கிவிட்டாய். "நீங்க சின்னதா விட்டா எனக்கும் சின்னதாத்தாண்ணே வரும்."

அத்தனை பாடுபட்டுத் திறந்த வாய். போன மழையில் மார்வலி வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது. தோட்டத்து லயத்து வீட்டில் கிடத்தி, வழக்கப்படி தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டினார்கள். கட்டியவர் முடிச்சை இறுக்கியபோது எனக்குப் பொறுக்கவில்லை. "இடது பக்கம் இறுக்காதீங்கப்பா, அவனுக்கு வலிக்கும்" என்றேன். எல்லாரும் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள். உன் மனைவி மட்டும் எழுந்து வந்து முடிச்சைத் தளர்த்தினாள்.

எனக்கு அலுத்துவிட்டது தம்பி. அதே வளைவு, அதே பனி, அதே லீக்ஸ் மரக்கறி மூட்டை. இப்போது நம் பஸ்ஸில் ஸ்பீக்கர் பெட்டிதான் ஊர்ப் பேரைக் கூவுகிறது. அதற்குத் தாடையும் இல்லை, வலியும் இல்லை. முதல் ட்ரிப்பில் எனக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி வருகிறது. விடாதீங்கண்ணே என்று சொல்ல ஆளில்லை. ஆனாலும் முட்டியை வைத்து அடக்கிக்கொண்டு, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறேன், ஃபுட்போர்டில் நிற்கிற உனக்குத் தெரியாமல்.