அணைந்து கிடந்த எடை மிஷின்

மதினி,

நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் மஞ்சப்பை எந்திரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். காசு போட்டால் ஒரு துணிப்பை விழும். நேற்று விருதுநகர் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் நானும் போட்டுப் பார்த்தேன். உள்ளே எதுவோ சுற்றியது, நின்றது, பிறகு பொத்தென்று பை விழுந்தது. பையை எடுக்காமல், குனிந்து அந்தத் தகரக் கதவை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீல் எங்கே இருக்கிறது, விளிம்பை எப்படி மடக்கியிருக்கிறார்கள், கையை விட்டதும் எப்படி ஆடி அடங்குகிறது என்று. பின்னால் நின்ற ஓர் அம்மா, "பைதான் வந்திருச்சுல்ல தாயி, எடுத்துக்கிட்டு நகருங்க" என்றார்.

நகர்ந்தேன். பஸ் வந்தது, ஏறவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். காசு போட்டால் பொருள் தரும் எந்திரங்களைத் தவிர வேறொன்றும் நினைக்காமல் எத்தனையோ பகல்களைக் கழித்தவர் நீங்கள். நம் ஊருக்கே அப்படி ஒன்று வரும் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன பிறகு வந்து நிற்கிறது.

அண்ணனைக் கட்டிக்கொண்டு மல்லாங்கிணற்றிலிருந்து நீங்கள் வந்த அன்று, கட்டில் பீரோவோடு ஒரு கம்ப்யூட்டரும் லோடு வண்டியில் வந்து இறங்கியது. கீழே புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் விற்கிற கடை, மேலே வீடு. மாடி அறையில் ஜன்னல் ஓரமாக அதை வைத்துக்கொண்டீர்கள். ஒரு பொருளைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே நாலு பக்கமும் திருப்பிப் பார்க்கிற மாதிரி உருவாக்கி, படம் எடுக்கிறவர்களுக்கும் விளையாட்டு செய்கிறவர்களுக்கும் இணையத்தில் விற்பதுதான் உங்கள் வேலை. அதிலும் பழைய காலத்து வெளிநாட்டு எந்திரங்கள்: வளைந்த மூலைகளோடு சிவப்பாக நிற்கும் குளிர்பானப் பெட்டி, கண்ணாடி உருண்டை வைத்த மிட்டாய்ப் பெட்டி. எதையும் நேரில் பார்த்ததில்லை நீங்கள்.

அம்மா ஒருநாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என்னத்துக்கு ஆகும் தாயி?"

"படத்துல, விளையாட்டுல பின்னாடி நிக்கும் அத்தை."

"முன்னாடி யாரு நிப்பா?"

"யாராச்சும் நிப்பாக. அது அவுக பாடு. நமக்குப் பின்னாடி நிக்கிறது சரியா இருந்தாப் போதும்."

அம்மாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து யார் கேட்டாலும், "எங்க மருமக மிஷினு செய்யிறா" என்று சொல்ல ஆரம்பித்தார். கேட்டவர்கள் விசைத்தறி என்று நினைத்துக்கொண்டார்கள்.

நான் அப்போது போட்டோ ஸ்டுடியோவில் இருந்தேன். கல்யாண ஆல்பத்துக்கு முகங்களைச் சுத்தம் செய்கிற வேலை. பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு, எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். வேலை முடிந்து வந்து உங்கள் சிவப்புப் பெட்டியைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு மதினி. ஆனா கடையில இருந்து இப்பத்தான் எடுத்தாந்த குடம் மாதிரி இருக்கு. யாரும் புழங்கலையே" என்றேன். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை என் பக்கம் தள்ளினீர்கள்.

"மூஞ்சியில இருந்து எடுக்குறதையெல்லாம் இதுமேல கொண்டாந்து போடு பாப்போம்."

அப்படித்தான் நாம் சேர்ந்தோம். உருவம் உங்களுடையது, மேற்பூச்சு என்னுடையது. ஸ்டுடியோவை விட்டேன். துரு தேடி இருவரும் திருச்சுழி ரோட்டில் ஸ்கூட்டியில் போவோம். மூடிக் கிடந்த மில் கேட்டு, சோடாக் கடைக்காரர் வெளியே போட்டிருந்த பழைய ஐஸ் பெட்டி, கரிசல் தூசி படிந்த நிழற்குடைத் தகரம் என்று எதைப் பார்த்தாலும் போட்டோ எடுப்போம். "ஏம்மா, சர்வேயா? ரோடு போடப்போறாகளா?" என்று ஒருவர் விசாரித்தார். "இல்லண்ணே, துரு எடுக்க வந்தோம்" என்றீர்கள். அவர் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். வீடு வரும்வரை நீங்கள் என் முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தீர்கள்.

ஒவ்வொரு எந்திரத்துக்கும் மேற்கு எது என்று முதலில் முடிவு செய்வீர்கள். வெயில் படுகிற பக்கம் சிவப்பு வெளுத்து ரோஸாக வேண்டும், நிழல் பக்கம் அப்படியே இருக்க வேண்டும். நம்மை அறியாத யாரோ ஒருவருடைய படத்தில், பனி பெய்கிற ஏதோ ஒரு தெருவில், அருப்புக்கோட்டை வெயில் பட்ட பெட்டி ஒன்று இன்றைக்கும் நின்றுகொண்டிருக்கும்.

இத்தனை செய்தும் உங்கள் மனசில் இருந்த எந்திரம் வேறு. ரயில்வே ஸ்டேஷனில் நிற்குமே, ஏறி நின்று காசு போட்டால் பல்புகள் மின்னி, வட்டம் சுழன்று, எடை அச்சடித்த அட்டை வந்து விழுமே, அது. சின்ன வயதில் உங்கள் அம்மா உங்களைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறியிருக்கிறார். கையில் இருந்தது ஒரே காசு. "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே எடைதான் வந்துச்சு. எங்கம்மா எவ்வளவு, நான் எவ்வளவுன்னு தெரியல" என்று சொல்வீர்கள். அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. அதைச் செய்ய வேண்டும், செய்ய வேண்டும் என்பீர்கள். அதற்குள் வேறு ஆர்டர் வந்துவிடும்.

பிறகு மார்பில் கட்டி. மதுரைக்கு நடையாய் நடந்தோம். ஒவ்வொரு முறையும் மருந்து ஏற்றுவதற்கு முன்னால் எடை பார்ப்பார்கள். நீங்கள் ஏறி நின்று சுவரைப் பார்ப்பீர்கள். "அந்த நம்பரை மட்டும் எங்கிட்டச் சொல்லாத" என்று முதல் நாளே சொல்லிவிட்டீர்கள். நர்ஸ் சொல்வதை நான்தான் கேட்டுக்கொள்வேன். அது ஏறவே இல்லை.

ஒருநாள் மத்தியானம் சிகிச்சை முடிந்து வெளியே வந்ததும், "ஸ்டேஷனுக்குப் போயிட்டு வீட்டுக்குப் போவோம்" என்றீர்கள். முடியாது என்று அண்ணன் சொல்ல வாயெடுத்தார். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டார். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து உள்ளே போனோம். படிக்கட்டு ஓரமாக அது நின்றிருந்தது. காலம் முடிந்துபோய் வயரைச் சுருட்டி மேலே வைத்திருந்தார்கள். பல்பு எதிலும் உயிரில்லை. நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல, நான் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தேன். மூலை, காசு போடும் துளை, கால் வைக்கும் ரப்பர்த் தட்டு.

எல்லாம் எடுத்து முடித்ததும் நீங்கள் எழுந்து வந்து, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் ஏறினீர்கள்.

"மதினி, இது ஓடாது."

"அதனாலதான் ஏறுறேன். இது ஒண்ணும் சொல்லாதுல்ல." ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டு, "நீயும் ஏறு. இடம் இருக்கு" என்றீர்கள்.

ஏறினேன். விழுந்துவிடாமல் இருக்க உங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். சேலைக்குள் எலும்பைத் தவிர எதுவும் கைக்கு அகப்படவில்லை. கண்ணாடியில் நம் இரண்டு முகமும் மங்கலாகத் தெரிந்தன. போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். கொஞ்சம் தள்ளி நின்ற அண்ணன் முகத்தைத் திருப்பித் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நாற்காலியில் உட்கார உங்களால் முடியவில்லை. கட்டிலில் சாய்ந்து, தலையணை மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு செய்தீர்கள். வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி மவுஸைப் பிடிப்பீர்கள். உருவம் முழுசாக முடிந்த அன்று என்னைக் கூப்பிட்டு, "இதை மட்டும் பழசாக்காத. துரு வேணாம், கீறல் வேணாம். எங்கம்மா ஏறினப்ப எப்படி மின்னுச்சோ அப்படி இருக்கட்டும்" என்றீர்கள்.

"நான் அதைப் பாத்ததில்லையே மதினி."

"அழுக்கை எடுக்கத் தெரிஞ்சவதான நீ. எடுத்துக்கிட்டே வா. கடைசியில அது நிக்கும்."

அந்த வாரமே போய்விட்டீர்கள். பகல் சாப்பாட்டு நேரம். கீழே கடையில் யாருக்கோ புண்ணாக்கு நிறுத்துக்கொண்டிருந்த அண்ணனை நான்தான் கூப்பிட்டேன். மூட்டையைப் பிடித்திருந்த கையோடு மேலே வந்தார்.

வெகு நாள் அந்தப் பைலை நான் திறக்கவில்லை. பிறகு திறந்தேன். அன்று ஸ்டேஷனில் எடுத்த படங்களில் இருந்து துருவை, கறையை, யாரோ கிறுக்கிய பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். அடியில் மஞ்சளும் நீலமும் கிடைத்தன. பல்புகளை எரியவிட்டேன். ஒரு மத்தியானம் அண்ணன் கடையைச் சாத்திவிட்டு வந்து உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தார். "எப்படித் திருப்பிப் பாக்கணும்?" என்று கேட்டார். மவுஸைக் கையில் கொடுத்தேன். நீங்கள் இருந்தவரை ஒருநாளும் அவர் அதைத் தொட்டதில்லை. திருப்பினார், திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அதை விற்பனைக்குப் போடவில்லை மதினி. யாருடைய முதுகுக்குப் பின்னாலும் அது நிற்க வேண்டாம்.

இந்தப் பொங்கலுக்கு மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. கட்டிலையும் அதன் மேல் சுவரோடு அடுக்கியிருந்த படுக்கைகளையும் நகர்த்தியபோதுதான் பார்த்தேன். நீங்கள் சாய்ந்து உட்காருகிற இடத்தில், சுவரில், உங்கள் தலை உயரத்துக்கு ஒரு எண்ணெய்க் கறை. நடுவில் அடர்த்தி, ஓரத்துக்கு வர வர மங்கல். கடைசி மாதங்களில் உங்களுக்கு முடியில்லை, எண்ணெய் வைக்கவில்லை. இது அதற்கு முந்தைய நாட்களுடையது. தலை நிறைய முடியோடு, எண்ணெய் வைத்துப் பின்னி, சாய்ந்து உட்கார்ந்து என்னோடு சிரித்துப் பேசிய நாட்களுடையது. கறை போடுவதே தொழிலாக இருப்பவள் நான். ஒரு இடத்தில் எத்தனை காலம் தலை சாய்த்தால் இந்த அடர்த்தி வரும் என்று பார்த்ததும் எனக்குத் தெரியும்.

சுண்ணாம்பு வாளியோடு வந்தவரை வழி மறித்து நின்றேன். "இதுல அடிக்காதீக."

"அழுக்கா இருக்கேம்மா."

நான் நகரவில்லை. சத்தம் கேட்டு அம்மா படியேறி வந்தார். என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. "அந்தச் செவத்த விட்டுருங்கப்பா. மத்த மூணையும் அடிங்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு இறங்கிப் போனார்.

வெள்ளையடித்த மூன்று சுவருக்கு நடுவில் அந்தக் கறை இப்போது முன்னைவிட நன்றாகத் தெரிகிறது. வேலை செய்யும்போது மேஜையையும் நாற்காலியையும் திருப்பிப் போட்டு அதைப் பார்த்தபடிதான் உட்காருகிறேன். வெயில் ஏறும் நேரத்தில் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். என் தலையை அதில் சாய்ப்பதில்லை மதினி. என் எண்ணெய் அதில் ஒட்டிவிடக் கூடாது.