ஞானசேகரன் என்று எழுதுகிறார்கள்

மர்பி டவுன், பெங்களூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஐரினுக்கு அம்மா எழுதுவது. நீ அந்த வெளிநாட்டுக் குளிரில் நல்லபடியாக இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் நீ போன வாரம் பேசினதிலிருந்து சரியில்லை. நீ கேட்டதற்குச் சிக்னல் இல்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். சிக்னல் இருந்தது. போனில் பேசினால் அழுகைதான் வரும், அதனால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு ஃபாத்திமா இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புகிறேன் என்றிருக்கிறாள். ஐந்தாவது படித்தவள் எழுத்து, பார்த்துப் படி.

அப்பா போய் அடுத்த மாதம் வருஷம் ஆகிறது. அவர் துணிகளை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை, போனையும் அணைக்கவில்லை, தினம் சார்ஜ் போடுகிறேன். ஏன் என்று நீ ஒரு தடவை கேட்டாய், இப்போது சொல்கிறேன். இங்கே பள்ளிக்கூடத்தில் நீ ஜி. ஐரின், அப்பா உன் பெயருக்கு முன்னால் ஒரே ஓர் எழுத்து. அந்த ஊர் ஆராய்ச்சிப் பேப்பர்களில் எல்லாம் மாறிப்போய், அப்பா பெயர் முழுசாக நிற்கிறது, நீ ஓர் எழுத்தாகிவிட்டாய். எங்கேயோ தூரத்து நட்சத்திரக் கூட்டமாம், அந்தக் கேலக்ஸியைப் பற்றி நீ எழுதினது பெரிதாகி, மற்றவர்கள் தங்கள் பேப்பரில் ஞானசேகரன் இப்படிச் சொல்லியிருக்கிறார் என்று எழுத ஆரம்பித்ததும் அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்கிற எண்ணைக் காலையில் காபிக்கு முன்னால் போனில் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று ஜப்பான்காரன் என் பேரை எழுதியிருக்கான் என்று எல்லோருக்கும் போனை நீட்டுவார். லாயிட் சித்தப்பா, ஏண்ணா, கரண்ட் பில்லுலயே உன் பேரை ஒழுங்கா போடமாட்டேங்கறான், ஜப்பான்காரன் போடறானா என்று கிண்டல் செய்வார். அப்பா அதற்கும் சிரிப்பார். அவர் போன பிறகும் அந்த எண் ஏறிக்கொண்டே இருந்தது. எங்கேயோ யாரோ அவர் பெயரை எழுதுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்த வருஷம் ஓடியது.

அந்தப் பேப்பரே தப்பு, திருத்தி எழுதட்டுமா என்று நீ கேட்டால் எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல். நீ விளக்கினது எனக்குப் பாதிதான் புரிந்தது. நடுவில் தூசி மறைத்ததால் அந்தக் கேலக்ஸி சிவப்பாகத் தெரிந்திருக்கிறது, வயசாகிச் சிவந்திருக்கிறது என்று நினைத்து நீ அதன் வயசைக் கூட்டிச் சொல்லிவிட்டாய், இப்போது புதுப் படம் வந்ததில் உனக்கே தெரிந்துவிட்டது, அவ்வளவுதானே. தப்பு என்று எழுதினால் அந்த எண் குறைந்துவிடுமா என்று கேட்டேன். குறையாதும்மா, இன்னும் ஏறும், ஆனா தப்புக்கு உதாரணமா அப்பா பேரை எழுதுவாங்க என்றாய். உன் வேலையும் அந்தப் பேப்பரை வைத்துத்தான் நிற்கிறது, அடுத்த வருஷம் நீட்டிப்பார்களோ என்னவோ என்கிறாய்.

மறைக்காமல் சொல்கிறேன், முதலில் என் புத்தி போனது சும்மா இரு என்று சொல்லத்தான். அவ்வளவு தூரத்தில் இருக்கிறதை யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள், வருஷ பூசையாவது முடியட்டும் என்று நினைத்தேன். பூசைக்குக் கொடுக்கிற நினைவு அட்டையில் அப்பா படத்துக்குக் கீழே, உலக விஞ்ஞானிகள் ஆயிரம் பேர் எடுத்தெழுதிய பெயர் என்று போட சித்தப்பா ஏற்பாடு செய்திருந்தார். ஆனால் நீ கடைசியில் சொன்ன அந்த பிரேசில் பெண் என் மனசை விட்டுப் போகவில்லை. உன் கணக்கை வைத்து அவள் தன் கணக்கைப் போட்டு, விடை சேராமல், ஞானசேகரன் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டார், நான்தான் மக்கு என்று ரெண்டு வருஷமாகத் தன்னுடையதையே அடித்து அடித்து எழுதுகிறாளாம். அப்பா பெயரைப் பார்த்து ஒரு பெண் தன்னை மக்கு என்று நினைக்கலாமா. அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் அவளுக்கே போன் போட்டிருப்பார், பாதி இங்கிலீஷ் பாதி தமிழில், ஒன் மினிட் மா, உன் மேல மிஸ்டேக் இல்ல என்று.

அதனால் நேற்று பிரேசர் டவுன் போய் சித்தப்பாவிடம் அந்த வரியை எடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். ஏன் அண்ணி, அண்ணன் உயிரே அதுலதானே இருந்துச்சு என்று கோபப்பட்டார். காரணம் கேட்டார், என் பொண்ணு சொல்வாள் என்று மட்டும் சொன்னேன். சித்தி காபி கொடுத்தாள், சித்தப்பா முகம் கொடுக்கவில்லை. பரவாயில்லை.

நீ தப்பு என்று எழுது ஐரின். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது, உன் வேலையை நினைத்தும், நாலு பேர் அவர் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்களே என்றும். ஆனால் திருத்தி எழுதுகிற பேப்பரில் அப்பா பேரை இழுக்க வேண்டாம், ஐரின் என்று மட்டும் போட்டுக்கறேன் என்றாயே, அதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். அதிலும் ஞானசேகரன் என்றே போடு. எடுத்துவிட்டால் தப்பு மட்டும் அவர் பெயரில் நின்றுவிடும், திருத்தினது வேறு யாரோ என்று ஆகிவிடும்.

மாதா உன் பக்கத்தில் இருக்கட்டும், அப்பா ஆசீர்வாதமும் உனக்கு உண்டு. வேலை போய்விடும் என்று இப்போதே பெட்டி கட்டாதே, சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. பேப்பர் வெளியே வர நாள் ஆகும் என்றாய், அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கே ஒரு வரி எழுதிப் போடு.

உன் அம்மா,
ரோஸ்லின் ஞானசேகரன்