தம்பியின் சட்டைப்பையில் இருந்த அம்புமுனை

ஜூன் 11
அருங்காட்சியகத்தில் இன்றும் கல் அம்புமுனைகளை வகைவாரியாகப் பிரித்து வைத்தேன். மனம் வேலையில் இல்லை. தங்கம் தேடிப் பாலைவனத்துக்குள் போன தம்பி கூமா இன்னும் திரும்பவில்லை. கொண்டுபோன தண்ணீர் இன்றோ நாளையோ தீரும். தோண்டும் இடம் எதுவென்று கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லாதவன். எங்கே போய்த் தேடுவது?

ஜூன் 12
அவன் மனைவி ஹாயா வந்தாள். போன தடவை அவன் போட்டுப் போன சட்டையில் ஒரு அம்புமுனை இருந்ததாம்.

"மச்சான், இதப் பாத்தே எங்க கெடந்ததுன்னு சொல்லிடுவீங்களாமே. உங்க தம்பி அங்கதான் இருப்பாரு."

நீண்டு மெலிந்த உடல். அடியில் காம்பு, அதன் இருபுறமும் சின்னத் தோள். ஊனான் என்கிற பழங்கால வகை. எங்களிடம் உள்ள ஊனான் முனைகள் அத்தனையும் மேற்குச் சமவெளியில் கிடைத்தவை. இது கொஞ்சம் தடிமன். அதனால் என்ன? மேற்கு என்றேன்.

ஜூன் 13
மேற்கே. ஒன்றுமில்லை.

ஜூன் 14
வண்டி ஓட்டும் அமஸ்தான் சீண்டிக்கொண்டே வந்தான். "கல்லு பேசுதாம், நாம டீசல ஊத்துறோம்."

நாக்கு வறண்டது. வாயில் ஒரு கல்லை அடக்கிக்கொள்ளலாம் என்று பையில் கைவிட்டேன். வந்தது அந்த அம்புமுனை. இனித்தது. சர்க்கரை போட்டுக் காய்ச்சிய தேநீர். எடுத்துப் பார்த்தால் காம்பும் ஓரங்களும் வெளுத்து, புதுக்கல்லாக இருக்கின்றன. நடுவில் மட்டும் பழைய கறுப்பு.

அட பாவி, நீயே செதுக்கினாயா? அகன்று தடித்த அதேரியன் வகை முனையை ஊனான்போலச் சீவி, பழசாகத் தெரியத் தேநீரில் ஊறப்போட்டு, சுற்றுலாக்காரன் தலையில் கட்டப் பார்த்திருக்கிறாய். அதேரியன் கிடைப்பது கிழக்குப் பாறைச்சரிவில். அந்தத் தடிமன் — எனக்குத் தெரியாதா? தெரியுமே. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்திருந்தால் போதுமே.

"வண்டியத் திருப்புடா" என்றேன்.

ஜூன் 15
கிழக்கே, அச்சு முறிந்த கூமாவின் வண்டி. நிழல் போன பக்கமெல்லாம் நகர்ந்து நகர்ந்து படுத்திருக்கிறான். வண்டியைச் சுற்றிலும் தடம்.

அமஸ்தான் தொட்டுப் பார்த்தான். "உசுரு போயி ரெண்டு மூணு மணி நேரந்தான் இருக்கும். இன்னும் விறைக்கல" என்றான். அப்புறம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 19
துக்கத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஹாயா சொல்கிறாள்: "மச்சான் மட்டும் அந்தக் கல்லப் பாத்துச் சொல்லலன்னா, அடக்கம் பண்ண எலும்புகூட கெடச்சிருக்காது."

செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

ஜூன் 27
அருங்காட்சியகத்துக்கு ஒரு பெண் வந்தாள். தங்கம் தேடிப்போன மகன் திரும்பவில்லையாம். முக்காட்டு நுனியில் ஒரு அம்புமுனையை முடிந்து வைத்திருந்தாள். "உங்களுக்குத் தெரியும்னு ஹாயா சொன்னா."

அடி குழிந்த முக்கோண முனை. கழுவிப் பார்த்தேன். பழசுதான், சந்தேகமில்லை. எந்தப் பள்ளத்தாக்கு என்று எனக்கு உடனே தெரிந்தது. மேற்கு என்றும் அன்றைக்கு இப்படித்தான் உடனே தெரிந்தது.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் போகவில்லை. இதை எழுதும்போதும் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.