வெறுங்கையோடு வா

அன்பு மகள் சுக்னாவுக்கு, சோஜத்திலிருந்து அப்பா சொல்லச் சொல்ல தபால்கார கிஷன்லால் எழுதுவது. ஆயி மாதா தயவில் இங்கே எல்லோருக்கும் உடம்புக்குக் குறைவில்லை, பெங்களூரில் உனக்கும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசலாம்தான், ஆனால் நான் எடுத்தால் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அவள் பேசினால் பதாமி அத்தை பின்னால் நின்று சொல்லிக்கொடுக்கிறாள், அதனால்தான் கடிதம். மருதாணி அறுவடை முடிந்து இலையெல்லாம் அரவைக்குப் போய்விட்டது, கறுப்பு எருமை கன்று போட்டிருக்கிறது, கோமலின் கல்யாணத்துக்குப் பந்தலும் சமையலும் சொல்லியாகிவிட்டது, வீட்டில் பேச்சு மட்டும் சரியில்லை.

புதன்கிழமை உன் தங்கைக்குக் கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை ஜோத்பூரில் உனக்கு அந்தப் பெரிய வியாபாரப் படிப்புக்கான நுழைவுப் பரீட்சை. கையில் மருதாணி இருந்தால் பரீட்சைக் கூடத்து மிஷின் ரேகையைப் பிடிக்காது, வைத்துக்கொண்டு வராதீர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள் என நீ சொன்ன நாளிலிருந்து அடுப்படியில் ஒரே சண்டை. அத்தை என்னைப் பிடித்துக்கொண்டாள், "ஏன்டா துக்லா, ஊருக்கே மருதாணி வெளைவிக்கிறவன் வீட்டுப் பொண்ணு கல்யாணத்துல வெறுங்கையோட நின்னா, துக்கம் கேக்க வந்தவன்னுதானே நெனைப்பாங்க? அதுவும் மூத்தவ, இன்னும் கல்யாணம் ஆகாதவ" என்றாள். பரீட்சை அடுத்த வருசமும் வரும், தங்கச்சி கல்யாணம் வருமா என்று உன் அம்மா அழுதாள். அப்ப நான் வரவே இல்ல என்று நீ போனை வைத்துவிட்டாய். அன்றிலிருந்து கோமல் தட்டில் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் போடுகிறாளே தவிர சாப்பிடுவதில்லை.

நீ எழுதும் பரீட்சையில் என்ன கேட்பார்கள் என்று எனக்கு விளங்காது, ஆனால் அந்த மிஷினை எனக்குத் தெரியும் அம்மா. நம் ரேஷன் கடையில் அதை வைத்த புதிதில், இலை உருவி உருவித் தேய்ந்த என் விரலை அது ஏற்கவே இல்லை. என்னைப் பிறந்ததிலிருந்து பார்க்கிற ஊர் பின்னால் வரிசையில் நிற்கிறது, கடைக்காரன் பாவம், "நீ துக்லாராம்னு எனக்குத் தெரியுது சித்தப்பா, இதுக்குத் தெரியலையே, எண்ணெய் தடவிட்டு நாளைக்கு வா" என்கிறான். காலிப் பையோடு திரும்பினேன். எனக்காவது மறுநாள் என்று ஒன்று இருந்தது. போன வருடம் கொஞ்சத்தில் தவறிப்போய், வேலை முடிந்து வந்து மறுபடி ஒரு வருடம் படித்த உன்னை வாசலிலேயே நிறுத்தினால் எங்கே போய் நிற்பாய்? நம் வயல் மருதாணியும் நாலு நாளில் போகிற நிறமா?

அதனால் நேற்று எல்லோரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன், அவள் வெறுங்கையோடுதான் வருவாள், ஆசையிருந்தால் காலுக்கு வைத்துவிடுங்கள் என்று. "அப்ப சம்பந்தி முன்னாடி கால நீட்டிக்கிட்டு உக்காருவாளாக்கும்" என்றாள் அத்தை. உன் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சம்பந்தி நாளைக்கு வேறு மாதிரி பேசக்கூடாதே என்று நானே போய் அவரிடமும் சொன்னேன். "எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு கை செவந்திருந்தா போதும் சம்பந்தி, மூத்தவ கையப் பாக்க நாங்க யாரு?" என்றார். அம்மா பாதி இறங்கி வந்திருக்கிறாள். அத்தை இறங்கவில்லை, நீ வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், பொறுத்துக்கொள். இந்தத் தடவையும் அந்தப் படிப்பு கிடைக்காமல் போகலாம், அதை நான் தாங்கிக்கொள்வேன். கல்யாணத்துக்கு வராமல் இருந்துவிட்டுக் கிடைத்தால், அதை நம் வீட்டில் யாராலும் கொண்டாட முடியாது.

நல்லபடியாக எழுது, மனம் தெளிவாக இருக்கட்டும், ஆயி மாதா உனக்குத் துணை. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, கம்பளிச் சட்டையை மறக்காதே. இன்னொன்று, மருதாணி வைக்கிற அன்று வீடு முழுக்க ஈரக் கையாக இருக்கும், யார் ஆசையாய்க் கட்டிக்கொள்ள வந்தாலும் தள்ளி நின்று கும்பிடு. மறுநாள் புருஷன் வீட்டுக்குக் கிளம்பும்போது கோமல் உன் கையைத்தான் பிடித்துக்கொண்டு அழுவாள். அதற்குள் அவள் கை காய்ந்திருக்கும். அப்போது மட்டும் கையை இழுத்துக்கொள்ளாதே.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
துக்லாராம்